பிரிட்டிஷ் பிரபு குடும்பங்களின் வம்சாவளியைத் தேடுவது எப்படி

மவுண்ட்பேட்டன் பிரபுவுக்கு மகன் கிடையாது, இரண்டு மகள்கள்தான். ஆனாலும் 1979-ல் அவர் படகில் வைத்த குண்டுக்குப் பலியான பிறகு அவருடைய ஏர்ல் பட்டம் மூத்த மகளுக்குப் போய், இப்போது மகள் வயிற்றுப் பேரனிடம் இருக்கிறது. கார்ன்வாலிஸ் பிரபுவுக்கோ ஒரு மகன் இருந்தார். அந்த மகனுக்குப் பிறந்தது எல்லாமே பெண்கள், 1823-ல் அவர் இறந்ததும் மார்க்வெஸ் பட்டம் அற்றுப்போனது, ஆனால் அதே மனிதரிடம் இருந்த ஏர்ல் பட்டம் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்து 1852 வரை ஓடியது. ஒருவரின் பட்டம் மகளுக்குப் போகிறது, இன்னொருவரின் பட்டத்தில் பாதி நிற்கிறது, பாதி ஓடுகிறது. இது ஏன் என்று புரிந்துவிட்டால் இந்த வேலையில் முக்கால்வாசி முடிந்த மாதிரிதான்.

புதிதாகத் தேட ஆரம்பிப்பவர்கள் ஒரு பெரிய தாளில் அப்பா, மகன், பேரன் என்று கோடு இழுத்துக்கொண்டே போவார்கள், பட்டமும் அந்தக் கோட்டிலேயே வரும் என்ற நினைப்பில். வராது. இரண்டு தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குடும்பம்: யார் யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார், எப்போது இறந்தார். இன்னொன்றில் பட்டங்கள்: ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு வரிசை, அது எந்த ஆண்டு, யாருக்கு, என்ன நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்று. ஒரு டியூக்கிடம் ஐந்தாறு பட்டங்கள் இருப்பது சாதாரணம், ஒவ்வொன்றும் தன் வழியில் போகும்.

பெயரைப் பிரித்துப் பாருங்கள்

படிநிலை ஐந்து: மேலிருந்து டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். ஸ்காட்லாந்தில் கடைசிப் படிக்கு பாரன் என்று சொல்ல மாட்டார்கள், பாராளுமன்றப் பிரபு என்பார்கள். பாரனெட் என்று ஒன்று வரும், 1611-ல் முதலாம் ஜேம்ஸ் உண்டாக்கியது. அதுவும் பரம்பரையாகத்தான் போகும், ஆனால் பாரனெட் பிரபு கிடையாது, பெயருக்கு முன் 'சர்' மட்டும்தான். நைட் என்றால் அதுவும் 'சர்'தான், ஆனால் ஆளோடு முடிந்தது. 1958-ல் வந்த சட்டத்தின்படி ஆயுளுக்கு மட்டும் பாரன் ஆக்கப்பட்டவர்களும் அப்படித்தான், பிள்ளைகளுக்குப் பட்டம் வராது. இன்றைய செய்திகளில் வரும் 'லார்டு'களில் பெரும்பாலானோர் இந்த வகை, அவர்களுக்குப் பரம்பரைப் பட்ட வரிசை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குழப்பம் ஆரம்பிப்பது பெயரில். குடும்பப் பெயர் வேறு, பட்டத்தின் பெயர் வேறு. பெட்ஃபோர்டு டியூக்கின் குடும்பப் பெயர் ரஸ்ஸல், வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் குடும்பம் குரோவ்னர், டெர்பி ஏர்ல் குடும்பம் ஸ்டான்லி. பட்டத்தில் ஊர் பெயர் இருப்பதால் அந்த ஊரில்தான் இருப்பார்கள் என்றும் இல்லை. டெவன்ஷயர் டியூக்கின் மாளிகையான சாட்ஸ்வொர்த் இருப்பது டெர்பிஷயரில். பதிவேட்டில் தேடும்போது எந்தப் பெயரில் தேட வேண்டும் என்பது எந்த ஆண்டைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. பிரபுவாகும் முன் ஞானஸ்நானப் பதிவில் குடும்பப் பெயர் இருக்கும், பிரபுவான பிறகு உயிலில் பெரும்பாலும் பட்டத்தின் பெயரில் ஏறியிருக்கும்.

இதற்கு நடுவே மரியாதைப் பட்டங்கள். டியூக், மார்க்வெஸ், ஏர்ல் ஆகியோரின் மூத்த மகன் அப்பா உயிரோடு இருக்கும்போதே அப்பாவின் சின்னப் பட்டங்களில் ஒன்றைப் பெயராக வைத்துக்கொள்வார். சட்டப்படி அது அப்பாவுடையதுதான், இவர் சாதாரணக் குடிமகன், மக்களவைத் தேர்தலில் நிற்கலாம். அமெரிக்காவை இழந்த காலத்துப் பிரதமர் நார்த் பிரபு மக்களவையில் உட்கார்ந்தது இப்படித்தான். அவர் கில்ஃபோர்டு ஏர்லின் மூத்த மகன், அப்பா 1790-ல் இறந்த பிறகுதான் நிஜப் பிரபு ஆனார். டியூக், மார்க்வெஸ் இருவரின் இளைய மகன்களுக்குப் பெயருக்கு முன் 'லார்டு' வரும்: வின்ஸ்டன் சர்ச்சிலின் அப்பா லார்டு ராண்டால்ஃப் சர்ச்சில், மார்ல்பரோ டியூக்கின் இளைய மகன். இந்த 'லார்டு' அவரோடு முடிந்தது, அதனால்தான் வின்ஸ்டன் வெறும் மிஸ்டர் சர்ச்சிலாக வாழ்க்கையைத் தொடங்கினார். 'லார்டு'க்குப் பின்னால் சொந்தப் பெயர் வந்தால் இளைய மகன், பட்டப் பெயர் மட்டும் வந்தால் பிரபுவோ பிரபுவின் வாரிசோ. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பழைய கடிதங்களில் யாரைப் பற்றிப் பேச்சு என்று பாதி தெரிந்துவிடும்.

ஒரே ஆள் எத்தனை பெயரில் வருவார் என்பதற்கு மவுண்ட்பேட்டனே போதும். 1900-ல் பிறந்தபோது பேட்டன்பெர்க் இளவரசர் லூயிஸ். 1917-ல் அரச குடும்பத்தினர் ஜெர்மன் பெயர்களை விட்டபோது அவருடைய அப்பா மில்ஃபோர்டு ஹேவன் மார்க்வெஸ் ஆனார், இவர் இளைய மகன் என்பதால் லார்டு லூயிஸ் மவுண்ட்பேட்டன். 1946-ல் பர்மாவின் மவுண்ட்பேட்டன் வைகவுண்ட், 1947-ல் ஏர்ல். நான்கும் ஒருவரே. அவருடைய பேரன் நார்ட்டன் நாட்ச்புல் இன்னும் ஒரு படி மேல்: 1979 முதல் ரோம்ஸி பிரபு, அது அம்மா வழியில் வந்த மரியாதைப் பெயர், 2005-ல் அப்பா இறந்ததும் பிராபோர்ன் பிரபு, 2017-ல் அம்மா இறந்ததும் மவுண்ட்பேட்டன் ஏர்ல். ஒவ்வொரு மாற்றத்தின் தேதியையும் குடும்பத் தாளில் ஓரமாக எழுதி வைக்காவிட்டால் ஒருவரையே மூன்று பேராக மரத்தில் ஏற்றிவிடுவீர்கள்.

பட்டயத்தில் என்ன எழுதியிருக்கிறது?

இனி இரண்டாவது தாள். பட்டம் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்வது ரத்தமோ, உயிலோ, குடும்பத்தின் ஆசையோ அல்ல. பட்டம் கொடுத்த அன்று ராஜாவோ ராணியோ கொடுத்த பட்டயத்தின் ஒரு வரிதான். வழக்கமான வாசகம் இப்படி இருக்கும்: 'அவருக்கும், முறைப்படி பிறந்த அவருடைய உடல்வழி ஆண் வாரிசுகளுக்கும்'. இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை உண்டு. 'முறைப்படி பிறந்த' என்பதால் திருமணத்துக்கு வெளியே பிறந்தவருக்கு இல்லை, தத்துப்பிள்ளைக்கும் இல்லை. 'ஆண் வாரிசு' என்றால் ஆண் மட்டும் அல்ல, ஆண் வழியாகவே வந்த ஆண். மகள் வயிற்றுப் பேரனுக்கு இடமில்லை. 'அவருடைய உடல்வழி' என்றால் முதன்முதலில் பட்டம் வாங்கியவரின் சந்ததியாக இருக்க வேண்டும், அவருடைய அண்ணன் தம்பி சந்ததி ஆகாது.

கார்ன்வாலிஸ் கணக்கு இப்போது தானாகத் தீரும். ஏர்ல் பட்டம் 1753-ல் அவருடைய அப்பாவுக்குக் கொடுக்கப்பட்டது, ஆகவே அப்பாவின் எல்லா மகன்களுக்கும் அதில் பாத்தியதை உண்டு. மார்க்வெஸ் பட்டம் 1792-ல் அவருக்கே கொடுக்கப்பட்டது, அதற்கு உரியவர்கள் அவருடைய சந்ததி மட்டும். ஒரே மகன் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் மார்க்வெஸ் பட்டம் அங்கேயே முடிந்தது. ஏர்ல் பட்டம் மேலே ஏறி, சித்தப்பாவான பிஷப் ஜேம்ஸ் கார்ன்வாலிஸிடம் இறங்கியது. எண்களைக் கவனியுங்கள்: முதல் மார்க்வெஸும் இரண்டாவது ஏர்லும் ஒரே ஆள், பிஷப் நான்காவது ஏர்ல். எண் பட்டத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஒரு பட்டம் அற்றுப்போய் அதே பெயரில் வேறு குடும்பத்துக்குப் புதிதாகக் கொடுக்கப்பட்டால் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அதனால் எத்தனையாவது உருவாக்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பங்காளிகள் பக்கம் தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஆங்கிலப் பதிவுகளில் அங்கிள், கசின், நெஃப்யூ என்று இருந்தால் அது அப்பா வழியா அம்மா வழியா என்று தெரியாது, பழைய உயில்களில் கசின் என்பது எந்த உறவினராகவும் இருக்கலாம். உங்கள் குறிப்பில் சித்தப்பா, மாமா என்று உறுதி செய்துகொண்டே எழுதுங்கள். தெரியவில்லை என்றால் கேள்விக்குறி போடுங்கள். பட்டம் விஷயத்தில் மாமா எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் உபயோகமில்லை.

சில பட்டயங்களில் வழக்கத்துக்கு மாறான வாசகம் இருக்கும், சுவாரசியம் எல்லாம் அங்கேதான். மவுண்ட்பேட்டனுக்கு மகள்களுக்கும் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மார்ல்பரோவின் முதல் டியூக்குக்கு மகன்கள் உயிரோடு இல்லாததால் 1706-ல் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. 1722-ல் மூத்த மகள் ஹென்ரியட்டா டச்சஸ் ஆனார், 1733-ல் அவருக்குப் பிறகு தங்கை மகன் சார்லஸ் ஸ்பென்சர் மூன்றாவது டியூக். இன்றைய மார்ல்பரோ டியூக்குகள் ஆண் வழியில் பார்த்தால் ஸ்பென்சர்கள்தான், சர்ச்சில் என்ற பெயரை 1817-ல்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த சார்லஸின் தம்பி ஜான் வழியில் வந்தது டயானாவின் குடும்பம். சர்ச்சிலும் டயானாவும் பங்காளிகள் என்றால் பலருக்கு நம்ப முடியாது, இரண்டு தாள் முறையில் வரைந்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். நெல்சன் கதையும் இதே ரகம்: வைகவுண்ட் பட்டம் 1805-ல் டிராஃபல்கர் கடற்போரில் அவரோடு போனது, 1801-ல் தனி நிபந்தனையோடு கொடுத்த ஒரு பாரன் பட்டம் மட்டும் அண்ணன் வில்லியமுக்குப் போனது.

எனக்கு மிகவும் பிடித்தது டெவன் ஏர்ல் வழக்கு. 1553-ல் ராணி மேரி எட்வர்டு கோர்ட்டனேவுக்குக் கொடுத்த பட்டயத்தில் 'ஆண் வாரிசுகளுக்கு' என்று இருந்தது, 'உடல்வழி' என்ற சொல் இல்லை. அவர் 1556-ல் கல்யாணம் ஆகாமலேயே இறந்தார், பட்டம் அற்றுப்போனதாகவே எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஒரு சொல் இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு 275 வருடம் கழித்து, 1831-ல், தூரத்துப் பங்காளியான மூன்றாவது கோர்ட்டனே வைகவுண்ட் பிரபுக்கள் சபையில் வென்றார். அவருக்குக் கிடைத்த எண் ஒன்பது. நடுவில் வந்த முன்னோர்கள், தாங்கள் ஏர்ல் என்று தெரியாமலேயே வாழ்ந்து செத்தவர்கள், பின்தேதியிட்டுக் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். (டெவன் ஏர்லும் டெவன்ஷயர் டியூக்கும் வேறு வேறு குடும்பம், கலந்துவிடாதீர்கள்.)

பட்டயமே இல்லாத பட்டங்கள்

இங்கிலாந்தின் மிகப் பழைய பாரன் பட்டங்களுக்குப் பட்டயம் இல்லை. பாராளுமன்றத்துக்கு வரச் சொல்லி ராஜா அனுப்பிய அழைப்பாணைதான் ஆதாரம். இவை மகள்களுக்கும் போகும். ஆனால் மகன் இல்லாமல் இரண்டு மூன்று மகள்கள் இருந்தால், மூத்தவளுக்கு முன்னுரிமை கிடையாது, எல்லோருக்கும் சம பங்கு. பட்டத்தைக் கூறுபோட முடியாதே, அதனால் அந்தரத்தில் தொங்கும், பங்குகள் எல்லாம் ஒரே ஆளிடம் வந்து சேரும்வரை அல்லது அரசர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்வரை. கமாய்ஸ் பாரன் பட்டம் 1426-ல் தொங்கத் தொடங்கி 1839-ல்தான் இறங்கியது. இப்படிப்பட்ட பட்டத்தைத் தேடினால் ஒவ்வொரு மகளின் கிளையையும் முழுக்கத் தொடர வேண்டும், நேரம் எடுக்கும்.

ஸ்காட்லாந்தில் பல பழைய பட்டங்கள் மகன் இல்லாவிட்டால் மூத்த மகளுக்கே நேராகப் போகும், தொங்கல் இல்லை. 1963-ல் ஐந்தாவது சதர்லாந்து டியூக் பிள்ளையில்லாமல் இறந்தபோது டியூக் பட்டம் தூரத்துப் பங்காளியான எல்லெஸ்மியர் ஏர்லுக்கும், பழைய சதர்லாந்து ஏர்ல் பட்டம் தம்பி மகளான எலிசபெத்துக்கும் பிரிந்து போயின. ஆகவே எந்த நாட்டின் பட்டம் என்று முதலிலேயே குறியுங்கள்: 1707 வரை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து தனித்தனி, 1707 முதல் 1801 வரை கிரேட் பிரிட்டன், அப்புறம் ஐக்கிய முடியரசு, அயர்லாந்து எப்போதும் தனி. ராபர்ட் கிளைவுக்கு 1762-ல் கிடைத்தது ஐரிஷ் பட்டம், அதனால்தான் பிரபு ஆன பிறகும் அவரால் மக்களவையில் உட்கார முடிந்தது.

கிளைவ் பெயரை எடுத்ததால் இன்னொன்று. சொத்துக்காகக் குடும்பப் பெயரையே மாற்றுவது இவர்களிடம் சர்வ சாதாரணம். கிளைவின் மகன் எட்வர்டு, மதராஸ் கவர்னராக இருந்தவர், பின்னர் போவிஸ் ஏர்ல் ஆனார். அவருடைய மனைவி ஹென்ரியட்டா ஹெர்பர்ட், முந்தைய போவிஸ் ஏர்லின் சகோதரி. அவர்களுடைய மூத்த மகன் 1807-ல் அம்மாவின் குடும்பப் பெயருக்கு மாறினார், அன்றோடு கிளைவ் வம்சம் ஹெர்பர்ட் வம்சம் ஆனது. வெல்லிங்டன் டியூக்கின் தாத்தாவும் பிறந்தபோது கோலி, 1728-ல் வெஸ்லி, பேரன்கள் காலத்தில் வெல்லெஸ்லி. மரத்தில் ஒரு கிளை திடீரென்று காணாமல் போனால் ஆள் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டும் முன் பெயர் மாற்றத்துக்கான அரச அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். லண்டன் கெஜட் என்ற அரசிதழ் 1665-லிருந்து வருகிறது, இணையத்தில் இலவசமாகத் தேடலாம், புதுப் பட்டங்கள், பெயர் மாற்றங்கள் இரண்டும் அதில் வரும்.

பட்டம் நடுவில் காணாமல் போக வேறு காரணங்களும் உண்டு. ராஜத்துரோகத்துக்காகப் பறிக்கப்பட்டிருக்கலாம், 1715 கலகத்தில் சேர்ந்த மார் ஏர்லின் பட்டம் பறிபோய் 1824-ல்தான் குடும்பத்துக்குத் திரும்பியது. 1963 சட்டத்துக்குப் பிறகு ஒருவர் தானாகவே தன் ஆயுளுக்குத் துறந்திருக்கலாம். டோனி பென் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் பட்டத்தைத் துறந்தார், 2014-ல் அவர் இறந்ததும் மூத்த மகனிடம் வந்தது. 1999-ல் 92 பேரைத் தவிர மற்ற பரம்பரைப் பிரபுக்கள் பிரபுக்கள் சபையிலிருந்து நீக்கப்பட்டார்கள், ஆனால் அதனால் யாருடைய பட்டமும் போகவில்லை.

ஆதாரம் எங்கே கிடைக்கும்

நிகழ்காலத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள், ஒரு தலைமுறைக்கு ஒரு ஆதாரம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்குகிறது, ஸ்காட்லாந்தில் 1855, அயர்லாந்தில் முழுமையாக 1864. பெயரோடு கூடிய மக்கள்தொகைக் கணக்கு 1841 முதல். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள், 1538-லிருந்து. அதில் இருப்பது பெரும்பாலும் ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி அல்ல. கிராமத்து மாளிகைக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் கல்யாணப் பதிவு இல்லையென்றால் லண்டனில் பாருங்கள், ஹானோவர் சதுக்கத்து செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் மேட்டுக்குடிக் கல்யாணங்களுக்குப் பேர் போனது. 1858-க்கு முந்தைய பணக்கார உயில்களில் பெரும்பகுதி கேன்டர்பரி நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டவை, லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இளைய மகன்களையும் மகள்களையும் கண்டுபிடிக்க உயிலை விட நல்ல ஆவணம் இல்லை. ஐரிஷ் கிளை என்றால் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள், 1922-ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் பெரும்பகுதி போய்விட்டது.

தேதியில் ஒரு கண்ணி: 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய நாளை நாம் 1649 ஜனவரி 30 என்கிறோம், அன்றைய ஆவணத்தில் 1648 என்று இருக்கும். அப்பா இறந்து எட்டு மாதம் கழித்துப் பிறந்த பிள்ளையை இந்தக் குழப்பத்தில் ஒரு வருடம் எட்டு மாதம் கழித்துப் பிறந்ததாகக் காட்டிவிட முடியும். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளுக்கு 1648/49 என்று இரண்டு ஆண்டும் எழுதுவதுதான் வழக்கம். ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரிக்கு மாறிவிட்டது.

அச்சிட்ட நூல்களில் 1826 முதல் வரும் பர்க்ஸ் பீரேஜ் இளைய கிளைகள் வரை தருவதால் வசதி, ஆனால் பழைய பதிப்புகளில் வம்சத்தின் ஆரம்பப் பகுதி பெரும்பாலும் குடும்பமே சொன்னது. காக்கெய்ன் தொடங்கிய கம்ப்ளீட் பீரேஜ் அதைவிட நம்பகமானது, ஆனால் பட்டம் வகித்தவர்களை மட்டும்தான் தொடரும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், முரண்பட்டால் காக்கெய்ன் பக்கம் நில்லுங்கள். நார்மன் படையெடுப்போடு வந்தோம், ஐரோப்பிய ராஜவம்சத்திலிருந்து வந்தோம் என்ற கதைகளுக்கு மயங்க வேண்டாம். டென்பி ஏர்ல்களான ஃபீல்டிங் குடும்பம் தாங்கள் ஹாப்ஸ்பர்க் வம்சம் என்று நூற்றாண்டுக் கணக்கில் சொல்லிவந்தது, ஹொரஸ் ரவுண்ட் என்ற ஆய்வாளர் அதற்கான ஆவணங்கள் போலி என்று காட்டினார். இணையத்தில் யாரோ ஏற்றிய மரங்களைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம், ஆதாரமாக வேண்டாம். 'மேனர் பிரபு' என்று விலைக்கு வருவது பழைய நில உரிமை, அதற்கும் பிரபு பட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் ரத்தம் வேறு சொல்லும் நேரமும் உண்டு. ஸ்டிச்சில் பிரிங்கிள் குடும்பத்தின் பாரனெட் பட்டம் யாருக்கு என்ற வழக்கில், 2016-ல் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு மரபணுச் சோதனையை ஏற்றுக்கொண்டு, பல பத்தாண்டுகளாக ஒரு கிளையில் இருந்த பட்டத்தை இன்னொரு கிளைக்குத் திருப்பியது.

இன்று ஒரு பட்டம் யாரிடம் இருக்கிறது என்பதற்கு 2004-ல் தொடங்கிய அதிகாரபூர்வப் பிரபுக்கள் பட்டியலைப் பாருங்கள், குலச்சின்னங்களைப் பதியும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் அமைப்பின் இணையதளத்தில் இருக்கிறது. வாரிசு தன் உரிமையை ஆவணங்களோடு நிரூபித்தால்தான் பெயர் ஏறும், ஏறாதவரை அரசு ஆவணங்களில் அவரைப் பிரபுவாகக் குறிப்பிட மாட்டார்கள். பெயர் இல்லை என்பதற்காகப் பட்டம் அற்றுப்போனதாக எழுதிவிடாதீர்கள், விண்ணப்பிக்காமலே இருப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கடைசியாக உறுதியானவரின் இறந்த தேதியை எழுதி, அடுத்த வரியைக் காலியாக விடுங்கள்.